கலம்காரியில் நிறம் பேனாவில் இல்லை

கேள்வி இது: "ஸ்ரீகாளஹஸ்தி முறையில், கையால் எழுதும் கலம்காரியை முழுக்க இயற்கைச் சாயத்தில் வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். படம் நன்றாகவே வரும். ஆனால் கறுப்புக் கோடு கசிகிறது, சிவப்பு செங்கல் பொடி மாதிரி மங்கிப்போகிறது, வெள்ளையாக விட்ட இடமெல்லாம் பழுப்பாகிவிடுகிறது. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாக எடுத்துக்கொள்ள ஆசை. எங்கே தப்பு? எதை முதலில் கற்க வேண்டும்?"

மூன்று கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். துணியைத் தாளாக நினைத்து வரைகிறீர்கள். கலம்காரி மூங்கில் பேனாவால் துணியில் எழுதிச் சாயமேற்றும் கலை, ஆனால் கறுப்பிலும் சிவப்பிலும் அந்தப் பேனாவிலிருந்து இறங்குவது நிறமே இல்லை. கறுப்புக்கு இரும்பு ஊறிய தண்ணீர், சிவப்புக்குப் படிகாரத் தண்ணீர், அவ்வளவுதான். இரும்பு போய்த் துணியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற கடுக்காய்த் துவர்ப்பைத் தொடும்போது கறுப்பு பிறக்கிறது. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயவேர் ஒட்டிக்கொள்ளும்போது சிவப்பு வருகிறது. பேனா நிறத்துக்கு இடம் குறித்து வைக்கிறது. மீதி எல்லாம் துணியும் தண்ணீரும் வெயிலும் செய்கிற வேலை. படம் நன்றாக வருகிறது என்றால் இந்தத் தொழிலில் கால் பங்கு வந்திருக்கிறது.

இதை ஐரோப்பியர்கள் புரிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து போன எழுத்துத் துணிகள் அங்கே அப்படி விற்றன. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டு 1759 வரை வைத்திருந்தது. இங்கிலாந்து 1721-ல் அணியவே கூடாது என்றது. 1742-ல் கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார், புதிதாகக் கிறித்தவரான சாயத் தொழிலாளிகளிடம் கேட்டு, செய்முறையைக் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்தப் பிரெஞ்சுக் கடிதத்தில் கடுக்காயும் சாயவேரும் தமிழ்ப் பெயரிலேயே வருகின்றன, எருமைப்பாலும் வருகிறது. படம் வரைவதைவிடத் துணியைத் தயார்செய்வதும் துவைப்பதும் வெளுப்பதும்தான் அதில் நீளம். நீங்களும் அந்த வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள்.

துணியிலிருந்து தொடங்குவோம். கடையில் பளிச்சென்று தொங்கும் வெள்ளைப் பருத்தி வேண்டாம். ஆலையில் வெளுத்து, பளபளப்பு மருந்து ஏற்றி, கஞ்சி போட்டு வருவது அது. வெளுக்காத கைத்தறிக் காடா வாங்குங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். சுத்தப் பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காடாவில் பாவுக்குப் போட்ட கஞ்சியும் பஞ்சுக்கே உரிய மெழுகும் இருக்கும். இரண்டும் போகாமல் எதுவும் ஏறாது. ஒரு இரவும் பகலும் தண்ணீரில் ஊறவைத்தால் கஞ்சி புளித்து இளகும். அலசிவிட்டு, 1 கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், 20 முதல் 30 கிராம் சலவைச் சோடா, அதே அளவு சாதாரண பார் சோப்பைச் சீவிப் போட்டு 2 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டிக்காஷன் நிறத்துக்கு வரும். அலசிக் காயவைத்தபின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். விழுந்த உடனே துணி குடித்துவிட வேண்டும். ஒரு நொடி முத்தாக நின்றாலும் மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். சிவப்பு திட்டுத்திட்டாக வருகிறது என்பவர்கள் முதலில் இந்தச் சொட்டைத்தான் பார்க்க வேண்டும். அதன்பிறகு ஆட்டுப்புழுக்கை கரைத்த தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, அலசி, ஈரத்தோடு புல்லில் விரித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வெயிலில் வைத்தால் காடா வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போகாதீர்கள். அது நாரைத் தின்னும், அலசியும் போகாத மிச்சம் பின்னால் சாயத்தையும் தின்னும்.

அடுத்தது கடுக்காயும் பாலும். கறுப்பு கசிவதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

1 மீட்டர் துணிக்கு, அதாவது சுமார் 140 கிராம் எடைக்கு, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலின் தூள் 40 கிராம் எடுத்து, 750 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டுங்கள். காய்ச்சாத எருமைப்பால் 250 மில்லி தனியாக இருக்கட்டும். துணியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தயாராக வைத்துக்கொண்ட பிறகே இரண்டையும் கலக்குங்கள். கடுக்காய்த் துவர்ப்பு பாலைத் திரிக்கும். கலந்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது தயிர்க்கட்டி மிதக்கும், அது துணியில் வெள்ளைத் திட்டாக ஒட்டும். கலந்ததும் துணியை முழுசாக அமுக்கி, ஐந்து பத்து நிமிடம் பிசைந்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே சீராக முறுக்கிப் பிழிய வேண்டும். கொடியில் மடித்துப் போடாதீர்கள், கயிறு பட்ட இடத்தில் மஞ்சள் வரி விழும். சுத்தமான தரையிலோ பாயிலோ விரித்துக் காயவையுங்கள்.

பால் எதற்கு? கொழுப்பும் பால்புரதமும் நூலிடுக்கில் படிந்து, மை நூல்வழியே ஓடாமல் பிடித்து நிறுத்துகின்றன. எருமைப்பாலைச் சொல்வது கொழுப்புக்காகத்தான். கிடைக்காவிட்டால் பாக்கெட் பாலில் 6 சதவீதக் கொழுப்புள்ளதை வாங்கலாம். கொழுப்பு எடுத்த பாலில் கோடு நிற்காது. பாலை அள்ளி ஊற்றுவதும் தப்பு. அப்போது மை மேலேயே நின்று காய்ந்து முதல் அலசலில் போய்விடும். சரியான துணியில் 1 மில்லிமீட்டர் கோடு போட்டால் கண்ணுக்கு அதே அகலத்தில்தான் தெரியும், புரட்டிப் பார்த்தால் பின்பக்கமும் கோடு மெலிசாக இறங்கியிருக்கும். காய்ந்த துணியை இருட்டில் வைத்து இரண்டு வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். வெளிச்சத்தில் கிடந்தால் கடுக்காய் பழுப்பேறும், பால் சிக்கு அடிக்கும். எலிக்கும் எறும்புக்கும் இந்த வாசனை ரொம்பப் பிடிக்கும், அலமாரியில் வைக்கும்போது நினைவிருக்கட்டும்.

கறுப்பு மைக்கு ஸ்ரீகாளஹஸ்தியில் கசிமி என்று பெயர். துருப்பிடித்த ஆணி, லாடம், இரும்புத் துண்டு 1.5 கிலோ எடுங்கள். துத்தநாகம் பூசிய ஆணியோ தகடோ கூடாது. எண்ணெய்ப் பசை இருந்தால் நெருப்பில் வாட்டித் தட்டுங்கள். மண்பானையில் 5 லிட்டர் தண்ணீர், கரும்பு வெல்லம் 500 கிராம், பனைவெல்லம் 100 கிராம் கரைத்து இரும்பைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். இறுக மூடாதீர்கள், காற்று வேண்டும். தினம் ஒருமுறை கலக்கிவிடுங்கள். முதல் வாரம் நுரைத்துக்கொண்டு கள் வாசம் வரும். பிறகு அது காடியாகப் புளிக்கும். அந்தப் புளிப்புதான் இரும்பைக் கரைக்கிறது. 15 முதல் 21 நாளில் நுரை அடங்கி, மேலே செம்பழுப்பாகத் தெளியும். வெயில் காலத்தில் சீக்கிரம், மார்கழியில் தாமதம்.

ஆகிவிட்டதா என்று பார்க்க வாசனையை நம்ப வேண்டாம். பதப்படுத்தாத துணித் துண்டு ஒன்றும் கடுக்காய்த் துணித் துண்டு ஒன்றும் பக்கத்தில் வைத்துக் குச்சியால் ஒரே மையில் ஒரு கோடு இழுங்கள். வெறுந்துணியில் வெளிறிய துருக்கறை மாதிரி நிற்கும். கடுக்காய்த் துணியில் இழுக்கும்போது தேநீர் நிறத்தில் ஈரமாக இருக்கிற கோடு, குச்சியை எடுப்பதற்குள் சாம்பலாகி, மூச்சு விடுகிற நேரத்தில் கறுத்துவிடும். கறுக்காமல் சாம்பலிலேயே நின்றால் இன்னும் நான்கு நாள் விடுங்கள். கறுத்த பிறகும் பழுப்பு அடித்தால் கடுக்காய் போதவில்லை, மையைக் குற்றம் சொல்லாதீர்கள்.

பேனா செய்வது எளிது. 15 முதல் 20 சென்டிமீட்டர் மூங்கில் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, கத்தியால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள். நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் மேலே கம்பளித் துணியையோ பழைய பருத்தித் துணியையோ எலுமிச்சை அளவுக்குச் சுற்றி நூலால் கட்டுங்கள். அது மையைக் குடித்து வைத்திருக்கும். எழுதும்போது விரலால் அமுக்கினால் நுனிக்கு இறங்கும். தளர்வாகக் கட்டினால் சொட்டும், இறுக்கிவிட்டால் இறங்காது. பரப்பி நிரப்ப ஈச்சங்குச்சியின் நுனியைத் தட்டி நசுக்கி நாராக்கிக்கொள்ளலாம். முதல் கோட்டை எப்போதும் கழிவுத் துணியில் இழுத்துவிட்டுத்தான் படத்துக்கு வர வேண்டும், இடது கையில் ஒரு கந்தல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். படத்தைக் குறிக்கப் புளியங்குச்சியைக் கரியாக்கிப் பயன்படுத்துங்கள், தட்டினாலே உதிர்ந்துவிடும். பென்சில் கோடு கடைசிவரை போகாது.

இத்தனை செய்தும் கசிந்தால் நாளைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துணி காற்றிலிருந்தே ஈரம் குடிக்கும். எழுதுமுன் துணியை வெயிலில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள். அடைமழையில் எழுதாதீர்கள். அந்த மாதங்கள் படம் பழக, குச்சி சீவ, கசிமி போட. கறுப்பு எழுதி முடித்ததும் ஒரு நாள் காயவிட்டு, வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள். பலர் விட்டுவிடுகிற படி இது. மிஞ்சிய இரும்பு தங்கினால் பின்னால் சிவப்பைக் கத்தரிக்காய் நிறமாகக் கெடுக்கும், நாளடைவில் நாரையும் அரிக்கும். பழைய எழுத்துத் துணிகளில் உருவம் எல்லாம் முழுசாக இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் உதிர்ந்து ஓட்டையாக நிற்பதைப் பார்க்கலாம்.

சிவப்புக்கு வருவோம். 1 லிட்டர் வெந்நீரில் 100 கிராம் படிகாரத்தைக் கரைத்து ஆறவிடுங்கள். இந்தத் தண்ணீருக்கு நிறமில்லை, எங்கே பூசினோம் என்றே தெரியாது. சப்பங்கக் கட்டை ஊறிய தண்ணீரில் இரண்டு கரண்டி சேர்த்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் பூசுங்கள். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் அதே கரைசலைப் பாதியாக நீர்த்துக்கொள்ளுங்கள். பூசிய அன்றே அலசாதீர்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும். படிகாரம் நாரோடு பிடிப்பதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்குத்தான் செங்கல் பொடி நிறம் கிடைக்கிறது.

பிறகு அலசல். நாரில் பிடிக்காத படிகாரம் முழுவதும் போக வேண்டும், ஆனால் போகும்போது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. ஸ்ரீகாளஹஸ்திக்காரர்கள் இதை ஸ்வர்ணமுகி ஆற்றின் ஓடும் தண்ணீரில் துணியை விரித்துப் பிடித்துச் செய்து வந்தார்கள். கழன்ற படிகாரத்தை ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். வாளித் தண்ணீரில் துணியை மடித்து முக்கினால் கழன்றது வெள்ளையில் படியும், சாயப் பானையில் அந்த வெள்ளையும் சிவக்கும். உங்களுக்கு வெள்ளை பழுப்பாகிறதற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். ஆறு இல்லாதவர்கள் பெரிய தொட்டியில் லிட்டருக்கு 10 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் வைத்துக்கொண்டு, துணியை விரித்தபடி ஒரே மூச்சில் அமுக்கி இரண்டு நிமிடம் அசைக்கலாம். சுண்ணாம்பு, படிகாரத்தை இருந்த இடத்திலேயே நிறுத்திவிடும். பிறகு குழாயடியில் விரித்துப் பிடித்து அலசுங்கள்.

சாயத்துக்கு மூன்று வேர், பட்டைகள் உண்டு. சாயவேர் கடற்கரை மணலில் விளைகிற சின்னச் செடியின் வேர், நல்ல இரத்தச் சிவப்பு தரும். மஞ்சிட்டி கொஞ்சம் ஆரஞ்சு சாயும். தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போடுகிற வெம்பாடம்பட்டை கருஞ்சிவப்புக்கு ஆகும். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டியும் வெம்பாடம்பட்டையும் சுலபம். சாயவேருக்குத்தான் அலைய வேண்டும்.

மஞ்சிட்டியைத் துணி எடைக்குச் சமமாகத் தூளாக்கி இரவு ஊறவைத்து, துணியைக் குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு, ஒரு மணி நேரத்தில் மெல்ல 70 டிகிரிக்குக் கொண்டுபோய், அங்கேயே ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் அதிலுள்ள பழுப்புச் சாயங்களும் வெளியே வந்து சிவப்பைக் கெடுத்துவிடும். உங்கள் மங்கலான சிவப்புக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சாயவேர் அப்படியில்லை. துணி எடைக்குச் சமமாக, வேர் பழசென்றால் ஒன்றரை மடங்கு போட்டு, இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு கொதிக்கு அருகே போகலாம். எதுவானாலும் செம்பு அல்லது எவர்சில்வர் பாத்திரம். இரும்புச் சட்டி, இரும்புக் கரண்டி கூடாது. துணி தண்ணீருக்கு மேலே எழாமல் குச்சியால் புரட்டிக்கொண்டே இருங்கள்.

தண்ணீரையும் சோதியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஊதாச் சாம்பல் நிறமாக மாறினால் அதில் இரும்பு இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளில் சாதாரணம். அந்தத் தண்ணீரில் சிவப்பு செத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரும் தனியாக உதவாது. சாயவேர்ச் சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மழைத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் என்றால் லிட்டருக்கு 1 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கவும். ஒரு ஊர்ச் சிவப்பு இன்னொரு ஊரில் வராததற்குக் காரணம், கைராசி இல்லை, கிணறு.

சாயப் பானையிலிருந்து எடுத்ததும் துணியைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் உண்டு. வெள்ளை விட்ட இடமெல்லாம் அழுக்கு ரோஜா நிறத்தில் இருக்கும். அப்படித்தான் இருக்கும். நிறமூன்றி, அதாவது சாயத்தை நாரோடு பிடித்து வைக்கிற படிகாரமோ இரும்போ, இல்லாத இடத்தில் சாயம் மேலோடு உட்கார்ந்திருக்கிறது, அதை வெயில் எடுத்துவிடும். மறுபடியும் ஆட்டுப்புழுக்கைத் தண்ணீரில் ஒரு இரவு, காலையில் அலசல், பிறகு படம் தரையைப் பார்க்கும்படி புல்லிலோ ஆற்று மணலிலோ விரிப்பு. காய விடாதீர்கள். துணி வெளுப்பது ஈரமும் வெயிலும் சேரும்போதுதான். பகல் முழுக்க அரை மணிக்கொரு தரம் தெளிக்க வேண்டும், மாலையில் சுருட்டி மறுபடி புழுக்கைத் தண்ணீர். நல்ல வெயிலில் இரண்டு முதல் நான்கு நாள். அது முடிவதற்குள் "கெட்டுப்போச்சு" என்று நிறுத்தினீர்களானால், உங்கள் பழுப்புக்கு மீதிப் பாதிக் காரணம் அதுதான்.

மஞ்சளுக்கு முன் மறுபடி பால் மட்டும் ஏற்ற வேண்டும். முதல் பால் இத்தனை அலசலில் போய்விட்டது. கடுக்காய்ப்பூ 100 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் பாதியாகும்வரை காய்ச்சி, வடித்து, 10 கிராம் படிகாரம் சேர்த்தால் மஞ்சள். பெயர் பூ என்றாலும் உண்மையில் அது கடுக்காய் மரத்து இலையில் பூச்சி கடித்து உண்டாகும் முடிச்சு. மாதுளைத் தோலும் ஆகும், கொஞ்சம் பச்சை ஓடும். இயற்கைச் சாயத்தில் மஞ்சள்தான் நோஞ்சான். அருங்காட்சியகங்களில் இருக்கிற பழைய சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாக இருக்கும். யாரும் நீல இலை வரையவில்லை. நீலத்தின்மேல் மஞ்சள் பூசிப் பச்சையாக்கியது, மஞ்சள் போய்விட்டது. வாங்குகிறவரிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

நீலம் தனி உலகம், இங்கே சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். அவுரி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புக் காரத்தில் பிராணவாயு இல்லாமல் செய்தால்தான் கரைந்து மஞ்சள்பச்சையாகும், துணியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் நீலமாகும். தென்னாட்டுத் தொட்டியில் அதற்கு வேகவைத்த தகரை விதையைப் போட்டுப் புளிக்கவைப்பார்கள். பழைய முறையில் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசித் துணியைத் தொட்டியில் முக்குவார்கள். இதனால்தான் சூடில்லாத தகரைத் தொட்டி வேண்டும். இணையத்தில் சொல்கிற 50 டிகிரித் தொட்டியில் மெழுகு இளகிவிடும். மெழுகுக்கான எழுத்தாணி இரும்புக் கம்பி, அதில் முடியைச் சுற்றிப் பந்தாக்கியிருக்கும். இன்று ஸ்ரீகாளஹஸ்தியில் பெரும்பாலும் நீலத்தைக் கையாலேயே பூசுகிறார்கள். முதல் ஆண்டு நீலத்தைத் தொடாமல் இருந்தாலும் நஷ்டமில்லை. கறுப்பும் சிவப்பும் மஞ்சளும் வைத்து ஒரு முழுப் படம் முடிக்கலாம்.

"இயற்கை" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்றும் சுத்தமாகிவிடாது. ஒரு மீட்டர் துணிக்கு நீங்கள் எத்தனை வாளி அலசுகிறீர்கள், எத்தனை விறகு எரிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள், கணக்கு அங்கே இருக்கிறது. செய்யக்கூடியவை: ஒரே நாளில் ஐந்தாறு மீட்டரைச் சேர்த்து வேகவைப்பது, பானைக்கு மூடி போடுவது, முதல் சாயம் தீர்ந்த தண்ணீரில் அடுத்த துணிக்கு இளஞ்சிவப்பு எடுப்பது, கடைசி அலசல் தண்ணீரை அடுத்த துணியின் முதல் அலசலுக்கு வைப்பது. படிகாரத் தண்ணீர் புளிப்பு, அதைச் சுண்ணாம்பு போட்டு முறித்து, தெளியவைத்த பிறகே வெளியே விடுங்கள். புழுக்கைத் தண்ணீரும் வேகவைத்த வேரும் குப்பைக்குழிக்கு உரம். நிறம் தூக்கும் என்று மயில்துத்தமோ டைக்ரோமேட்டோ சேர்க்கச் சொல்லுவார்கள். சேர்த்த பிறகு அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? நொய்யலை நினைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொல்லும் அளவுக்கு ஆறு கெட்டிருந்தது. சின்னப் பட்டறை என்பதால் சின்ன விஷம் பரவாயில்லை என்று ஆகாது.

சிவப்புக்குக் கடையில் அலிசரின் கிடைக்கும். சாயவேரில் இருக்கிற அதே பொருள்தான். 1868-ல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள், வேர் வியாபாரம் அதன்பிறகு சரிந்தது. அதைப் பயன்படுத்துவது பாவமில்லை. பயன்படுத்திவிட்டு "வேர்ச் சாயம்" என்று விற்பதுதான் தப்பு.

முழுநேரத் தொழில் என்று கேட்டீர்கள். ஒரு துணி, முதல் ஊறலிலிருந்து கடைசி அலசல்வரை மூன்று வாரத்துக்குக் குறையாது. அதில் கை வேலை செய்கிற நாள்கள் ஏழெட்டு இருக்கலாம், மீதி காத்திருப்பு. ஆகவே ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் ஐந்து துணி ஐந்து நிலையில் இருக்கும்படி ஓட்டினால்தான் வீட்டுச் செலவுக்குக் கட்டும். சோழமண்டலக் கரையில் தை முதல் ஆனி வரை சாயத்துக்கும் வெளுப்புக்கும் உகந்த காலம். வருஷத்துக்கு ஆறு மாத உற்பத்தி என்று வைத்தே விலை போடுங்கள். அச்சடித்துக் "கலம்காரி" என்று சொல்லி மீட்டர் நூற்றுச் சொச்சத்துக்கு விற்கிற துணியோடு போட்டி போட முடியாது, போடவும் வேண்டாம். வித்தியாசம் கேட்பவருக்குத் துணியைப் புரட்டிக் காட்டுங்கள். கசிமிக் கோடு பின்பக்கம் இறங்கியிருக்கும், ஒரே கோட்டில் தடிப்பும் மெலிவும் இருக்கும். திரை அச்சில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது.

கற்க இடங்கள் உண்டு. ஸ்ரீகாளஹஸ்தியில் இந்தக் கலை அணையப்போன நேரத்தில் கைவினைகளை மீட்டெடுக்க உழைத்த கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950-களில் அங்கே பயிற்சி மையம் வந்தது. அந்தத் தலைமுறையில் வந்த ஜே. குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்றும் அந்த ஊரில் குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். சென்னையில் கலாக்ஷேத்ராவில் கலம்காரிப் பிரிவு இருக்கிறது. நெசவாளர் சேவை மையங்களில் சாயமிடும் பயிற்சி எப்போது நடக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தமிழ் மரபு தேடினால் கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையும் கருப்பூரும். தொம்பை (குழல் போலத் தொங்குவது), வாசமாலை (வாசல் தோரணம்), விதானம் (மேற்கட்டித் துணி) என்று கோயிலுக்கு எழுதுகிற வழி அது. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் வந்தது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்குப் போன கோடாலி கருப்பூர்ச் சேலை அந்த ஊருடையதுதான். ஜரிகை நெய்து, மேலே மெழுகெழுதிச் சாயமேற்றிய துணி. 1855-ல் அரச வம்சம் முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் நின்றுபோனது. எங்கே போனாலும் முதல் மாதம் படம் எழுதக் கேட்காதீர்கள். துணி துவைக்கிற இடத்தில் நிற்க விடுங்கள் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே தொடங்கலாம். துணி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி அகலத் துண்டை வெட்டி, அதே படிகளில் கூடவே அனுப்புங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு விரலளவு கத்தரித்து நோட்டில் ஒட்டி, தேதி, எந்தக் கிணற்றுத் தண்ணீர், கடுக்காய் எத்தனை கிராம், பால் எத்தனை மில்லி, வெயிலா மப்பா என்று எழுதுங்கள். போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி 1734 வாக்கில் புதுச்சேரியில் இதைத்தான் செய்தார், படிக்கொரு துண்டு துணி. அந்தத் துண்டுகள் இன்னும் பாரிஸில் இருக்கின்றன. உங்கள் நோட்டில் பத்துத் துணி சேர்ந்த பிறகு, கறுப்பு கசிந்த அத்தனை துண்டையும் ஒரு வரிசையாக வைத்துப் பாருங்கள். பால் குறைந்த நாளா, மழை நாளா என்று துண்டே சொல்லிவிடும்.